மேக்பை ஓவியத்தின் வெயில்: இம்ப்ரஷனிஸ்ட் நிலக்காட்சிகளைப் பார்க்கப் பழகுவது எப்படி

19ஆம் நூற்றாண்டு பிரான்சில் மாறும் வெளிச்சத்தைப் பிடிக்க முயன்ற இம்ப்ரஷனிஸ்ட் ஓவியர்களின் நிலக்காட்சிகளை முதன்முதலாகப் பார்ப்பவர்களில் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். "நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார்கள். இல்லையென்றால் இதில் என்ன கதை என்று தேடுகிறார்கள். கதை கிடைக்காது. ஒரு வயல், ஓர் ஆற்றங்கரை, பனி மூடிய ஒரு தோட்டம், அவ்வளவுதான் இருக்கும். ஆனாலும் அந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தால் மனம் ஏதோ ஒரு பக்கம் சாய்கிறது. ஒன்றைப் பார்க்கும்போது நிம்மதி, இன்னொன்றைப் பார்க்கும்போது காரணம் தெரியாத ஒரு தவிப்பு. வரைந்த பொருளைவிட அதன்மேல் விழும் வெளிச்சத்துக்குத்தான் இதில் பெரிய பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன். அந்த வெளிச்சத்தைப் படிப்படியாகக் கண்டுபிடிக்கும் வழியை இங்கே சொல்கிறேன். ஓவியப் பயிற்சி எதுவும் தேவையில்லை. அரை மணி நேரம் ஒரே படத்தோடு உட்காரும் பொறுமை இருந்தால் போதும்.

பத்துப் படங்களை மேலோட்டமாகப் பார்ப்பதைவிட ஒன்றை முழுதாகப் பார்ப்பது நல்லது. தொடங்குவதற்கு நான் பரிந்துரைப்பது குளோத் மொனே வரைந்த "மேக்பை". 1868ஆம் ஆண்டின் இறுதிக்கும் 1869ஆம் ஆண்டின் தொடக்கத்துக்கும் இடைப்பட்ட குளிர்காலத்தில், பிரான்சின் நார்மண்டிக் கடலோரத்தில் உள்ள எத்ரதா பகுதியில் வரைந்தது. அப்போது மொனேவுக்கு 28 வயது. இப்போது பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 'இம்ப்ரஷனிஸ்ட்' என்ற பெயரே அப்போது பிறக்கவில்லை. அது 1874இல்தான் வந்தது. ஆனால் அந்தப் பெயருக்குள் பிறகு அடங்கிய எல்லாமே இந்தப் படத்தில் முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருக்கிறது.

முதலில் படத்தைச் சரியாகத் திறந்துகொள்ளுங்கள்

ஓர்சே அருங்காட்சியகத்தின் இணையதளத்திலும் விக்கிமீடியா காமன்ஸிலும் இந்தப் படம் கிடைக்கும். இருப்பதிலேயே பெரிய கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கைபேசியை விட லேப்டாப் நல்லது, அதைவிடப் பெரிய திரை இன்னும் நல்லது.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். கண் வலிக்காமல் இருக்க இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதி இப்போது எல்லாக் கருவிகளிலும் இருக்கிறது. அதை அணைத்துவிடுங்கள். அது நீல ஒளியைக் குறைத்துவிடும். நாம் தேடப்போவதோ நீலத்தைத்தான். அது ஓடிக்கொண்டிருந்தால் இந்தப் படத்தின் நிழல்கள் அழுக்குச் சாம்பல் நிறத்தில் தெரியும், நான் சொல்வது எதுவும் உங்களுக்குப் பொருந்தாது.

அப்புறம் ஒரு டேப் எடுத்துச் சுவரில் 130 செ.மீ. அகலமும் 89 செ.மீ. உயரமும் அளந்து பாருங்கள். அதுதான் உண்மையான அளவு. இரண்டு கைகளையும் விரித்தால் கிட்டத்தட்ட கைக்குள் அடங்கும் ஒரு ஜன்னல். திரையில் எதைப் பார்த்தாலும் இந்த அளவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணைச் சுருக்கிப் பாருங்கள்

படத்தைப் பெரிதாக்காதீர்கள், இப்போதைக்கு வேண்டாம். சற்றுப் பின்னால் தள்ளி உட்கார்ந்து, இமைகளைப் பாதி மூடிப் பாருங்கள். ஓவியர்கள் காலங்காலமாகச் செய்வதுதான் இது. கண்ணைச் சுருக்கினால் கிளை, இலை, ஓடு என்ற விவரங்கள் மங்கிப்போய், எங்கே வெளிச்சம், எங்கே இருள் என்ற பெரிய பரப்புகள் மட்டும் மிஞ்சும்.

மேக்பை படத்தில் என்ன மிஞ்சுகிறது? ஏறத்தாழ முழுவதும் வெளிர்மையான ஒரு பரப்பு. குறுக்கே ஒரு வேலி. அதன் முன்னால் நீளவாக்கில் படுத்திருக்கும் ஒரு நிழல் பட்டை. பின்னால் பனி சுமந்த மரங்கள், வலப்பக்கத்தில் ஒரு வீடு. இடப்பக்கத்தில், வேலியில் இருக்கும் படலின் மேல், ஒரு கரிய புள்ளி. அந்தப் புள்ளிதான் மேக்பை. காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த, கறுப்பும் வெள்ளையுமான ஒரு பறவை. கண்ணைச் சுருக்கிய நிலையிலும் அழியாமல் நிற்பவை எவையோ அவைதான் படத்தின் எலும்புக்கூடு. வேறெந்த நிலக்காட்சியைப் பார்த்தாலும் இந்த வேலையை முதலில் செய்துவிடுங்கள்.

சூரியன் எங்கே?

இதுதான் முக்கியமான கேள்வி. எந்த நிலக்காட்சியைப் பார்த்தாலும், "இது எந்த இடம்?" என்று கேட்பதற்கு முன் "சூரியன் எங்கே நிற்கிறது?" என்று கேளுங்கள். பெரும்பாலும் சூரியன் படத்துக்குள் இருக்காது. நிழலைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

மேக்பையில் வேலியின் நிழல் நம்மை நோக்கி விழுகிறது. அப்படியென்றால் சூரியன் வேலிக்கு அந்தப் பக்கம், நமக்கு எதிரே இருக்கிறது. நாம் எதிர்வெயிலில் நின்று பார்க்கிறோம். நிழல் நீளமாக இருப்பதால் சூரியன் தாழ்வாக இருக்கிறது. வடக்கு பிரான்சில் குளிர்காலத்தில் நண்பகலில்கூட சூரியன் உச்சிக்கு வராது, தொடுவானத்திலிருந்து கொஞ்ச உயரத்திலேயே சாய்ந்து போய்விடும்; அதனால் மணி என்ன என்று அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். பருவத்தை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

எதிர்வெயிலில் பொருட்களுக்கு என்ன ஆகிறது என்று இப்போது பாருங்கள். நம் பக்கம் திரும்பியிருக்கும் முகம் நிழலில் இருக்கிறது. மேல் விளிம்புகளில் மட்டும் வெயில் பட்டு மின்னுகிறது. வேலியின் முகடும் கிளைகளில் படிந்த பனியும் அந்த விளிம்பு வெளிச்சத்தில்தான் நிற்கின்றன. வெயில் நமக்குப் பின்னாலிருந்து வந்திருந்தால் வேலி முழுக்கத் தட்டையாக, பளிச்சென்று இருந்திருக்கும், நிழல் வேலிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். படத்தில் பாதி காணாமல் போயிருக்கும். மொனே நின்ற இடத்தைத் தேர்ந்தெடுத்தபோதே படத்தின் மனநிலையையும் பாதி தேர்ந்தெடுத்துவிட்டார்.

நிழலைப் பின்பற்றும் இந்தப் பழக்கத்துக்கு இன்னொரு படத்தையும் பயன்படுத்திக்கொள்ளலாம். கமீய் பிசாரோ 1873இல் வரைந்த "வெண்பனி" என்ற படம், இதுவும் ஓர்சேயில்தான் இருக்கிறது. உழுத வயல், நடுவே பாதை, முதுகில் சுள்ளிக்கட்டு சுமந்து நடக்கும் ஒரு மனிதர். வயலின் குறுக்கே நீள நீளமாக நிழல்கள் கிடக்கின்றன. அந்த நிழல்களுக்கு உரிய மரங்களைத் தேடிப் பாருங்கள், படத்தில் இருக்காது. அவை சட்டகத்துக்கு வெளியே நிற்கின்றன. இந்த ஓவியர்கள் சேர்ந்து 1874இல் நடத்திய முதல் கண்காட்சியில் இதைப் பார்த்த விமர்சகர் கஸ்தான்யாரி, படத்தில் இல்லாத மரங்களின் நிழலைத் தரையில் வரைவது பெரிய தவறு என்று குறை சொன்னார். எனக்கு அந்தப் படத்தில் மிகப் பிடித்ததே அதுதான். கண்ணுக்குத் தெரியாத மரங்கள் நம் முதுகுக்குப் பின்னால் நிற்பதுபோல ஓர் உணர்வு வருகிறது. படம் சட்டகத்தைத் தாண்டி நாம் உட்கார்ந்திருக்கும் இடம்வரை நீள்கிறது.

நிழலுக்கு என்ன நிறம்?

இங்கேதான் நிறைய நேரம் செலவிட வேண்டும். மேக்பையின் முன்பகுதியில் வேலி நிழல் விழும் இடத்தைப் பெரிதாக்கித் திரை முழுவதும் நிரப்புங்கள். அல்லது ஒரு வெள்ளைத் தாளில் பென்சில் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, அதைத் திரைமேல் வைத்து நகர்த்துங்கள். ஓட்டையின் வழியே தெரியும் நிறத்தை மட்டும் பாருங்கள்.

வெளிர் நீலம். பக்கத்தில் நகர்த்தினால் ஊதா கலந்த சாம்பல். வெயில் பட்ட பனிக்கு நகர்த்தினால் பாலாடையின் மஞ்சள். இன்னொரு இடத்தில் லேசான ரோஸ். "பனி வெள்ளை" என்று நமக்குத் தெரியும் என்பதால் முழுப் படத்தையும் பார்க்கும்போது மூளை எல்லாவற்றையும் வெள்ளை என்றே கணக்கு வைத்துக்கொள்கிறது. ஓட்டை வைத்துப் பார்த்தால் அந்தக் கணக்கு கலைந்து, பெயின்ட் உள்ளபடி தெரிகிறது. சுத்தமான வெள்ளையைத் தேடிப் பாருங்கள், எவ்வளவு குறைவு என்று புரியும்.

நிழல் ஏன் நீலம்? ஓவியரின் கற்பனையா? இல்லை. காற்றின் மூலக்கூறுகள் சூரிய ஒளியின் நீலப் பகுதியை அதிகமாகச் சிதறடிக்கின்றன. வானம் நீலமாகத் தெரிவது அதனால்தான். வேலியின் நிழலில் நேர்வெயில் படுவதில்லை, ஆனால் வானத்தின் வெளிச்சம் படுகிறது. பனி எந்த வெளிச்சம் விழுந்தாலும் அதை அப்படியே திருப்பித் தருவது. ஆகவே நிழல் விழுந்த பனி வானத்தின் நீலத்தைக் காட்டுகிறது. வெயில் பட்ட இடமோ நேர்மாறு. சூரியன் தாழ்ந்திருக்கும்போது அதன் ஒளி காற்றில் நெடுந்தூரம் கடந்து வருகிறது, வழியிலேயே நீலத்தை இழந்து மஞ்சளாக வந்து சேர்கிறது. ஒரே பனித்தரையில் இரண்டு விளக்குகள் எரிகின்றன: ஒன்று மஞ்சள் சூரியன், மற்றொன்று நீல வானம்.

நீங்களே இதைச் சோதித்துப் பார்க்கலாம், பனி தேவையில்லை. மேகமில்லாத ஒரு நாளில், வெயில் சாய்வாக இருக்கும் காலை நேரத்தில், மொட்டை மாடியில் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். அதன்மேல் கையின் நிழல் விழட்டும். சுற்றிலும் சிவப்புச் சுவரோ பச்சைத் தொட்டியோ இல்லாத இடமாகப் பாருங்கள், அவற்றின் நிறமும் நிழலில் வந்து விழும். ஆரம்பத்தில் நிழல் சாம்பலாகத்தான் தெரியும். தாளையே பார்த்துக்கொண்டிருங்கள். வெயில் பட்ட பகுதியின் இளமஞ்சளுக்குப் பக்கத்தில் நிழலின் நீலம் மெல்ல மேலெழும். ஒருமுறை அதைப் பார்த்துவிட்டால் அப்புறம் பார்க்காமல் இருக்க முடியாது. சுண்ணாம்பு அடித்த சுவரில், கொடியில் காயும் வேட்டியில், எங்கும் தெரியும்.

அந்தக் காலத்தில் ஓவியப் பள்ளிகளில் நிழலைப் பழுப்பும் கறுப்பும் கலந்து இருட்டாக்குவதுதான் வழக்கம். அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு நீல நிழல் அதிர்ச்சியாக இருந்ததில் வியப்பில்லை. 1869இல் பாரிஸின் அதிகாரபூர்வக் கண்காட்சியான சலோன் இந்தப் படத்தை ஏற்க மறுத்தது.

இந்த நீல நிழலுக்குப் பின்னால் இரண்டு செய்திகள் உண்டு. மிஷெல் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர் பாரிஸின் கோபலன் திரைச்சீலை நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தார். கறுப்பு நூல் வெளிறித் தெரிகிறது என்று புகார் வந்தது. சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் இருக்கும் நிறம்தான் கறுப்பை மாற்றிக் காட்டுகிறது என்று அவர் கண்டுபிடித்தார். 1839இல் அதைப் பற்றிப் பெரிய நூலே எழுதினார். மஞ்சளுக்கு அருகில் வைத்த நீலமும் ஊதாவும் தம் இயல்பைவிடச் செறிவாகத் தெரியும். மேக்பையில் நடப்பது இதுதான். இரண்டாவது, காசு. அல்ட்ராமரின் என்னும் நீலத்தை முன்பு ஆப்கானிஸ்தானிலிருந்து வரும் லாபிஸ் லசூலி கல்லை அரைத்துத்தான் எடுத்தார்கள், விலை எட்டாத உயரத்தில் இருந்தது. 1820களில் அதைச் செயற்கையாகத் தயாரிக்கும் முறை பிரான்சில் வந்தது. கையில் அதிகம் பணமில்லாத இளம் ஓவியரும் நிழலுக்கெல்லாம் நீலம் பூச முடிந்தது.

கறுப்பு-வெள்ளையாக்கிப் பாருங்கள்

ஒரு நிறம் எவ்வளவு வெளிச்சமாக இருக்கிறது என்பது வேறு, அது என்ன நிறம் என்பது வேறு. புதிதாகப் பார்ப்பவர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வார்கள். பிரித்துப் பார்க்க எளிய வழி, படத்தைச் சேமித்து, கைபேசியில் கறுப்பு-வெள்ளையாக மாற்றுவது.

இதற்கு மிகப் பொருத்தமான படம் மொனேவின் "இம்ப்ரஷன், சூரியோதயம்". 1872 என்று தேதியிட்டது, 48க்கு 63 செ.மீ. அளவுள்ள சின்னப் படம், பாரிஸின் மர்மோத்தான் மொனே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. லெ ஹாவ்ர் துறைமுகம், சாம்பல் நீல மூடுபனி, நடுவே ஆரஞ்சு நிறச் சூரியன். அதே 1874 கண்காட்சியைக் கேலி செய்து விமர்சகர் லூயி லெரோய் எழுதிய கட்டுரை இந்தத் தலைப்பைப் பிடித்துக்கொண்டதால்தான் இம்ப்ரஷனிஸ்ட் என்ற பெயரே ஒட்டிக்கொண்டது.

அதைக் கறுப்பு-வெள்ளையாக்குங்கள். சூரியன் ஏறத்தாழ காணாமல் போய்விடும். ஹார்வர்டின் நரம்பியல் ஆய்வாளர் மார்கரெட் லிவிங்ஸ்டன் இதை விளக்கியிருக்கிறார்: அந்தச் சூரியனும் அதைச் சுற்றியுள்ள மேகமும் கிட்டத்தட்ட ஒரே அளவு வெளிச்சம் கொண்டவை, நிறம் மட்டும்தான் வேறு. நம் பார்வையில் நிறத்தைக் கவனிக்கும் பாதையும், வெளிச்ச வேறுபாட்டை வைத்து இடத்தையும் அசைவையும் கவனிக்கும் பாதையும் பெருமளவு தனித்தனி. நிறப் பாதை சூரியனைக் காண்கிறது. மற்றதற்கு அது அங்கே இருப்பதே தெரிவதில்லை. அதனால்தான் அந்தச் சூரியன் ஓர் இடத்தில் நிற்காமல் துடிப்பதுபோல இருக்கிறது. உண்மையான சூரியன் வானத்தைவிடப் பல மடங்கு பிரகாசமானது. மொனே அப்படி வெண்மையாக வரைந்திருந்தால் படம் இவ்வளவு உயிரோடு இருந்திருக்காது.

இப்போது மேக்பைக்கு அதையே செய்யுங்கள். பறவை அப்படியே நிற்கும், ஏனென்றால் அது வெளிச்ச வேறுபாட்டால் நிற்பது. வேலியும் மரங்களும் நிற்கும். ஆனால் குளிர் போய்விடும். நிழல் வெறும் சாம்பலாகி, வெயிலின் இதம் மறைந்து, மந்தமான ஒரு நாளின் புகைப்படம்போல ஆகிவிடும். கறுப்பு-வெள்ளையில் எது தொலைகிறதோ அதை நிறம் சுமந்துகொண்டிருந்தது என்று பொருள். ஒவ்வொரு படத்துக்கும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: இதன் மனநிலையை வெளிச்ச வேறுபாடு சுமக்கிறதா, நிறம் சுமக்கிறதா?

இப்போது கிட்டப் போகலாம்

தூரிகைத் தீற்றல்களைப் பார்க்க வேண்டிய நேரம் இது. பலர் இங்கேதான் தொடங்குகிறார்கள். அதனால் "அவசரமாகப் பூசியிருக்கிறார்" என்ற முடிவோடு முடித்துவிடுகிறார்கள். ஒரே படத்தில் வானத்தின் தீற்றலும் தரையின் தீற்றலும் கிளையின் தீற்றலும் எப்படி வேறுபடுகின்றன என்று ஒப்பிட்டுப் பாருங்கள். மேக்பையில் வானம் மெல்லிய பூச்சு. பனியோ தடித்த பெயின்ட், பனி கிடக்கும் சாய்வின் போக்கிலேயே தீற்றலும் போகிறது. கிளைகளில் சிறு சிறு தொடுகைகள். தூரிகையின் திசை தரையின் வடிவத்தைச் சொல்கிறது. தடிப்பு, வெளிச்சம் எங்கே வந்து தங்குகிறது என்பதைச் சொல்கிறது.

விளிம்புகளையும் கவனியுங்கள். ஓர் உருவம் கூர்மையாக முடிகிறதா, பக்கத்து நிறத்துக்குள் கரைகிறதா? மூடுபனியிலும் மேகமூட்டத்திலும் விளிம்புகள் கரையும். நேர்வெயிலில் கூர்மையாகும். ஒரே படத்தில் இரண்டும் இருந்தால், கூர்மையான இடத்துக்குத்தான் கண் முதலில் போகும்.

வெளியில் போய் வரைய முடிந்ததற்கு ஒரு சின்னப் பொருள் உதவியது. 1841இல் ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் பிதுக்கிப் பயன்படுத்தும் தகர டியூபுக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் அரைத்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்திருப்பார்கள். தூக்கிக்கொண்டு அலைவது சிரமம். ஆனால் இவர்கள் எல்லாப் படத்தையும் முழுக்க வெளியிலேயே முடித்தார்கள் என்று நினைக்க வேண்டாம். பல படங்கள் ஸ்டூடியோவுக்குத் திரும்பி வந்து திருத்தம் பெற்றவை. ரூவான் நகரத் தேவாலயத்தை மொனே திரும்பத் திரும்ப வரைந்த பட வரிசை ரூவானில் தொடங்கி, ழிவெர்னியில் அவர் வீட்டில்தான் முடிந்தது.

மனநிலைக்குப் பெயர் வைப்பது

"அழகு", "அமைதி", "சோகம்" என்ற சொற்களை இந்தக் கட்டத்தில் ஒதுக்கி வையுங்கள். அவை எந்தப் படத்துக்கும் பொருந்தும், அதனால் எதையும் சொல்வதில்லை. அதற்குப் பதிலாக உடம்பைக் கேளுங்கள். இங்கே நின்றால் தோலில் என்ன படும்? காதில் என்ன கேட்கும்? இன்னும் எவ்வளவு நேரம் இந்த வெளிச்சம் நிற்கும்?

மேக்பைக்கு என் பதில் இது. முகத்தில் இளவெயில், காலில் குளிர். சத்தத்தைப் பனி விழுங்கிவிட்டது. யாரும் இல்லை, ஆனால் வெறிச்சோடவும் இல்லை. வீடு இருக்கிறது, படல் இருக்கிறது, யாரோ வரக்கூடும். ஒரு காத்திருப்பு. இதை எழுதிவிட்டு ஒவ்வொரு சொல்லுக்கும் படத்திலிருந்து ஒரு சான்று தேட வேண்டும். இளவெயிலுக்கு வேலி முகட்டின் மஞ்சள். குளிருக்கு நீல நிழல். காத்திருப்புக்கு? பறவையை விரலால் மறைத்துப் பாருங்கள். படம் இன்னும் அகலமாகிறது, ஆனால் கண்ணுக்கு நிற்க இடமில்லை, அமைதி வெறுமையாகிவிடுகிறது. விரலை எடுங்கள். எந்த நொடியும் பறந்துவிடக்கூடிய ஓர் உயிர் அங்கே உட்கார்ந்ததும் மொத்தப் படமும் அந்த நொடியைப் பிடித்துக்கொள்கிறது. ஆக, காத்திருப்புக்குச் சான்று அந்தக் கரிய புள்ளி. சான்று கிடைக்காத சொல்லை அடித்துவிடுங்கள். அது நம் மனதில் இருந்து வந்தது, படத்திலிருந்து அல்ல.

வரையப்பட்ட பொருளை வைத்து மனநிலையை ஊகிக்காமல் இருக்கவும் பழக வேண்டும். அல்ஃப்ரெட் சிஸ்லே 1876இல் சேன் ஆற்றின் வெள்ளத்தைப் போர்-மார்லி என்ற ஊரில் வரைந்தார். ஓர்சேயில் இருக்கும் "போர்-மார்லியில் வெள்ளம்" படத்தில் ஒரு மதுக்கடையின் சுவரைத் தண்ணீர் சூழ்ந்து நிற்கிறது, தெருவில் படகு போகிறது. வெள்ளம் என்றால் நமக்குத் தெரியும், பதற்றமும் இழப்பும்தான். ஆனால் அந்தப் படத்தில் பதற்றமே இல்லை. மேகத்தின் வழியே வடிந்து வரும் வெளிச்சம், அழுத்தமான நிழல் எங்கும் கிடையாது, தேங்கிய தண்ணீரில் வானமும் வீட்டுச் சுவரும் அப்படியே இறங்கி நிற்கின்றன. வெள்ளத்தை அவர் இரண்டாவது வானமாகப் பார்த்திருக்கிறார். தான் எப்போதும் வானத்தில் இருந்தே தொடங்குவதாக அவர் கடிதத்தில் எழுதியிருக்கிறார். சிஸ்லேயின் எந்தப் படத்தையும் மேலிருந்து கீழாகப் படிப்பது அதனால் பலன் தரும்.

ஓவியரின் வாழ்க்கை வரலாற்றைக் கடைசியில் படியுங்கள். முதலில் படித்தால் அதையே படத்தில் காண்போம். மொனேவின் வறுமையைப் பற்றிப் படித்துவிட்டு வருபவர்களுக்கு மேக்பை தனிமையின் படமாகத் தெரிகிறது. ஆனால் அந்தக் குளிர்காலத்தில் எத்ரதாவில் இருந்து நண்பர் ஃப்ரெதெரிக் பஸீலுக்கு அவர் எழுதிய கடிதத்தில், சிறு வீடு, கணப்பு நெருப்பு, கூடவே இருக்கும் துணைவி கமீய், கைக்குழந்தை ழான் என்று மனநிறைவோடு எழுதுகிறார். வெயிலின் மஞ்சளை முன்பே கவனித்திருந்தால் அந்தக் கடிதம் வியப்பளிக்காது.

ஒரே பொருள், வேறு வேறு வெளிச்சம்

ஒரு படத்தில் இவ்வளவையும் செய்து பழகிய பிறகு ஒப்பிடலுக்கு வாருங்கள். 1890, 1891ஆம் ஆண்டுகளில் மொனே ழிவெர்னியில் தன் வீட்டருகே இருந்த கோதுமைக் கதிர்ப்போர்களைத் திரும்பத் திரும்ப வரைந்தார். ஒரே நேரத்தில் பல கேன்வாஸ்களை வைத்துக்கொண்டு, வெளிச்சம் மாறினால் கேன்வாஸையும் மாற்றி வேலை செய்தார். சூரியன் இவ்வளவு வேகமாக இறங்கினால் தன்னால் பின்தொடர முடியவில்லை என்று விமர்சகர் குஸ்தாவ் ஜெஃப்ருவாவுக்கு எழுதினார். 1891 மே மாதம் துராந்-ருயெல் காட்சியகத்தில் அந்த வரிசையில் 15 படங்கள் ஒன்றாகத் தொங்கின.

சிகாகோ கலை நிறுவனத்திடம் இந்த வரிசையில் ஆறு படங்கள் இருக்கின்றன, அதன் தளத்தில் பெரிய கோப்புகளை இலவசமாக எடுக்கலாம். "கோடையின் முடிவு" என்ற படத்தையும், "பனி, மேகமூட்டமான நாள்" என்ற படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வையுங்கள். பொருளில் சுவாரசியம் எதுவும் இல்லை, கதிர்க்கட்டுகளை அடுக்கிய போர்தான் இரண்டிலும். அதனால் மனநிலை மாறுகிறது என்றால் மாற்றியது வெளிச்சமாகத்தான் இருக்க வேண்டும். மேலே சொன்ன கேள்விகளை இரண்டுக்கும் வரிசையாகக் கேளுங்கள். நிழல் எந்தப் பக்கம் விழுகிறது? மேகமூட்டமான நாளில் அந்தக் கேள்விக்கே பதில் கிடைக்கிறதா? எதன் விளிம்பு கரைகிறது? போரின் இருண்ட பக்கத்தில் ஓட்டைத் தாளை வைத்தால் என்ன நிறம் வருகிறது? பழுப்பு என்று எழுத நினைத்த இடத்தில் சிவப்பும் ஊதாவும் நீலமும் கிடைக்கும். பதில்களை எழுதி வைத்துக்கொண்டால் நல்லது, இரண்டாவது முறை பார்க்கும்போது எதைத் தவறவிட்டோம் என்று தெரியும்.

1896இல் மாஸ்கோவில் இந்தப் போர் ஓவியங்களில் ஒன்றைப் பார்த்த ரஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கி, அது என்ன பொருள் என்றே அடையாளம் தெரியாமல் நின்றதாகப் பின்னாளில் எழுதினார். பொருள் தெரியாமலேயே படம் தன்னைப் பிடித்துக்கொண்டது அவரை உலுக்கியது. அவர் பிறகு பொருளே இல்லாத ஓவியங்களுக்குப் போனவர்.

ஒரே வெளிச்சம், இரண்டு கைகள்

இன்னொரு ஒப்பிடலும் உண்டு, இது கொஞ்சம் கடினம். 1869 கோடையில் மொனேவும் ரெனுவாரும் சேன் ஆற்றங்கரையில் லா கிரெனுயேர் என்ற குளியல், படகுத் துறையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வரைந்தார்கள். மொனேவின் படம் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில், ரெனுவாரின் படம் ஸ்டாக்ஹோமின் தேசிய அருங்காட்சியகத்தில். நடுவில் ஒற்றை மரம் நிற்கும் அதே சிறு வட்டத் தீவு, அதே படகுகள், அதே கோடை வெயில்.

வெளிச்சம் ஒன்றாக இருந்தும் மனநிலை ஒன்றாக இல்லை. தண்ணீரில் தொடங்குங்கள். மொனேவின் தண்ணீர் கிடைமட்டமான தடித்த பட்டைகள், இருளும் வெளிச்சமும் மாறி மாறி. மனிதர்கள் சில தீற்றல்களோடு நின்றுவிடுகிறார்கள். ரெனுவாரின் தண்ணீர் மென்மையான சின்னச் சின்னத் தொடுகைகள். அவர் கவனமெல்லாம் தீவில் நிற்கும் பெண்களின் உடைகளில் வெயில் விழுவதில் இருக்கிறது. ஒருவர் வெளிச்சம் தண்ணீரை என்ன செய்கிறது என்று பார்க்கிறார், மற்றவர் அது மனிதர்களை என்ன செய்கிறது என்று பார்க்கிறார். இரண்டு படங்களையும் கறுப்பு-வெள்ளையாக்கி, எதில் அதிகம் தொலைகிறது என்று பாருங்கள். அப்புறம் முழு நிறத்துக்குத் திரும்பி, இரண்டிலும் மிக வெளிச்சமான ஒரு புள்ளியைத் தேடுங்கள். அதை எங்கே வைப்பது என்று ஒவ்வொருவரும் எடுத்த முடிவில் இருந்து அவர்களுடைய மற்றப் படங்களைப் படிக்கத் தொடங்கலாம்.